ஒற்றையாட்சியும் ஒருமித்த நாடும்

2017ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆந் திகதி, இலங்கை நாடாளுமன்ற உறுப்பினர் யாவரும் கூடிய அரசியலமைப்புச் சபையில், அதன் வழிநடத்தற் குழுவினது இடைக்கால அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டது. அவ்வறிக்கையின் ஆங்கிலப் பிரதியை எடுத்து வாசிப்போர், நாட்டின் தன்மையை வரையறுக்கும் இடத்துக்கு வந்ததும் சற்றுத் திகைத்து நிற்பர். சுதந்திரமும் இறைமையும் தன்னாதிக்கமும் உடைய குடியரசு என்று ஒழுங்காக ஓடிவரும் ஆங்கில வாசகம், அக்குடியரசு எத்தகையது என்று சொல்லவேண்டிய முனையில் திடீரென ஆங்கிலத்தைக் கைவிட்டுவிடுகின்றது. அவ்விடத்தில் ஆங்கிலச் சொல்லே இல்லை. 'ஏக்கிய இராச்சிய' என்ற சிங்களத் தொடரும், ஒரு சாய்கோடும், அதன் மறுபக்கத்தில் 'ஒருமித்த நாடு' என்ற தமிழ்த் தொடரும் உரோம எழுத்துக்களில் அச்சிடப்பட்டுள்ளன.

ஏன் இப்படி? குழுவே காரணம் கூறியிருந்தது. ஒற்றையாட்சி அரசு என்பதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர் அதன் பழைய பொருளில் இன்று நிற்கவில்லை; ஐக்கிய இராச்சியத்திலிருந்து ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும் விலகிச் செல்ல இடமுண்டு என்றாகிவிட்டது; ஆகவே அத்தொடர் இலங்கைக்குப் பொருந்தாது. பிரிக்கப்படாததும் பிரிக்கமுடியாததுமான நாடு என்பதைச் சிங்களத் தொடரே செவ்வனே உணர்த்துகின்றது. அதற்கு நிகரான தமிழ்த் தொடர் 'ஒருமித்த நாடு' என்பதாகும். இதுவே அதன் வாதம். இதனோடு அமையாது, இவ்விரு தொடர்களுக்கும் ஒரு வரைவிலக்கணமும் சேர்க்கப்பட்டது: பிரிக்கப்படாத, பிரிக்கமுடியாத அரசு, அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரமும் நீக்கிப் புதிதாக்கும் அதிகாரமும் நாடாளுமன்றத்திடமும் மக்களிடமுமே இருக்கும் அரசு.

மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல்லை மொழிபெயர்க்காமல் விட்டுவிடுவதும் மொழிபெயர்ப்பின் ஒரு முறையே. அதற்கு இரு காரணங்கள் இருக்கலாம். நிகரான சொல் கிடையாமை ஒன்று. கிடைக்கும் சொல்லைச் சொல்ல அஞ்சுதல் மற்றையது. இலங்கையின் இந்தச் சாய்கோட்டுக்கு இரண்டாவது காரணமே பொருந்தும் என்பது எமது துணிபு. அவ்வச்சம் எங்கே தொடங்கியது என்பதை அறிய வேண்டுமாயின், சொல்லின் பின்னால் சிறிது தூரம் நடந்து செல்லுதல் வேண்டும்.

சோல்பரி அரசியலமைப்பில் 'ஒற்றையாட்சி' என்ற சொல் எங்கணும் இல்லை என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். 1948இல் நாம் பெற்ற சுதந்திரம் அந்தச் சொல் இல்லாமலேயே நடந்தேறியது. ஆட்சி ஒற்றையாட்சியாகவே நடந்தது உண்மை. ஆயினும் அதனைப் பெயரிட்டு அழைக்கவேண்டும் என்ற தேவை எவருக்கும் தோன்றவில்லை. அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்னரே மறுதலைச் சொல் மேடையேறிவிட்டது என்பது வேறு கதை. 1926இல், ஒக்ஸ்போர்ட்டிலிருந்து திரும்பிய இளைஞர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா யாழ்ப்பாணத்துக்கு வந்து, இந்நாட்டின் பிணிக்குச் சமஷ்டியே மருந்து என்று பேசினார். அன்று தமிழ்த் தலைவர்களிடையே அதற்கு ஆதரவு எழவில்லை. அடுத்து, டொனமூர் ஆணைக்குழு வந்தபோது கண்டிச் சிங்களவரின் தேசிய சபை சமஷ்டி கேட்டது. அதாவது, பின்னாளிற் சிங்கள மேடைகளில் நாட்டைத் துண்டாடும் சொல்லாகச் சபிக்கப்பட்ட சொல்லை முதலில் நாவில் எடுத்தோர் சிங்களத் தலைவர்களே. சொற்களுக்கு இனம் கிடையாது. அவற்றை ஏந்தித் திரிவோருக்கே உண்டு.

1949 டிசம்பரில் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் தோழர்களும் புதுக் கட்சி தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் இன்னொன்று. தமிழில் 'இலங்கைத் தமிழரசுக் கட்சி'. ஆங்கிலத்தில் அது 'சமஷ்டிக் கட்சி' என்றே வழங்கிற்று. இவ்விரு பெயர்களும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று அல்ல. தமிழில் 'அரசு' என்னும் சொல் மிகப் பரந்த வயிறுடையது. இராச்சியமும் அரசு; அதனை நடத்தும் அரசாங்கமும் அரசு; சமஷ்டிக்குள் அடங்கிய ஒரு மாநிலத்தின் ஆட்சியும் அரசு. செல்வநாயகத்தார் மூன்றாவது பொருளையே கொண்டிருந்தார் என்பதற்குக் கட்சியின் தீர்மானங்கள் சான்று. ஆனால் எதிராளி எப்பொழுதும் தனக்கு வேண்டிய பொருளையே பொறுக்கி எடுப்பான். தமிழருக்குத் தனி இராச்சியம் கேட்கும் கட்சி என்ற குற்றச்சாட்டு அக்கட்சியின் பெயரைக் கொண்டே கட்டப்பட்டது. அது கட்சியின் ஆயுள் முழுவதும் நிழலாகத் தொடர்ந்தது.

எவ்வளவு காலம் தொடர்ந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2014இல் இக்கட்சிக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் ஒரு மனுத் தாக்கல் செய்யப்பட்டது. தனிநாட்டை நோக்கமாகக் கொண்ட கட்சி என்று இதனை அறிவிக்க வேண்டும் என்பதே மனுவின் வேண்டுகோள். 1983ஆம் ஆண்டின் ஆறாந் திருத்தத்தின்படி தனிநாட்டுக் கோரிக்கை சட்டவிரோதமாதலால், இதன் விளைவு கட்சியின் உயிரையே தொடுவது. மனுதாரரின் முக்கிய ஆதாரங்களுள் ஒன்று யாது தெரியுமா? கட்சி 2008இல் தன் யாப்பில் 'சமஷ்டி' என்றிருந்த இடத்தில் 'இணைப்பாட்சி' என்று எழுதிக்கொண்டது என்பது! சமஷ்டி கூட்டாட்சியைக் குறிக்கும். இணைப்பாட்சியோ தனித்தனி நாடுகள் தாமாக இணைந்து வைத்துக்கொள்ளும் தளர்ந்த கூட்டைக் குறிக்கும். ஆகவே இது மறைமுகமான பிரிவினை என்று வாதிடப்பட்டது. வடமொழிச் சொல்லை நீக்கித் தமிழ்ச் சொல்லை இட்டதன்றி வேறொன்றும் நடைபெறவில்லை என்பது கட்சியின் பக்கம்.

தமிழ் படித்த எமக்கு இங்கே ஒரு வகைச் சங்கடமும் ஒரு வகைப் பெருமிதமும் ஒருங்கே தோன்றுகின்றன. தனித்தமிழ் இயக்கத்தார் வடசொல்லைக் களைந்தபோது இலக்கண ஆசிரியர்களே சண்டையிட்டுக்கொண்டனர். ஈண்டோ ஒரு வடசொல்லைக் களைந்தமைக்காக ஒரு கட்சி உயர் நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2017 ஓகஸ்ட் 4ஆந் திகதி, பிரதம நீதியரசர் பிரியசாத் டெப் தலைமையிலான ஆயம் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஒரே நாட்டுக்குள் சமஷ்டி ஆட்சியைக் கோருவது பிரிவினை கோருவதாகாது என்று அத்தீர்ப்புக் கூறியது. இவ்வளவு எளிய உண்மை நீதிமன்றத்தின் வாயால் வெளிவர 1949இலிருந்து 68 ஆண்டுகள் சென்றன.

இனி 1972க்கு வருவோம். இடதுசாரி இயக்கத்தில் நம்பிக்கை கொண்ட நாம் இந்த ஆண்டைப் பற்றிப் பேசும்பொழுது குரலைத் தாழ்த்திக்கொள்வது வழக்கம். அவ்வழக்கத்தை விட்டுவிடுதல் நல்லது.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது அதனை நாடாளுமன்றத்தில் மிகக் கூர்மையாக எதிர்த்தவர்களுள் ஒருவர் லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. மொழி ஒன்றானால் நாடு இரண்டாகும், மொழி இரண்டானால் நாடு ஒன்றாகும் என்ற கருத்தில் அவர் செய்த எச்சரிக்கையை அறியாத தமிழ் மாணவன் இல்லை. பத்தாண்டுகள் கழியவில்லை. 1964இல் சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது. 1966 ஜனவரியில், தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகளுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்திலே இடதுசாரிகளும் நின்றனர். 1970இல் ஐக்கிய முன்னணி ஆட்சி அமைந்ததும் அரசியலமைப்பு அலுவல்கள் அமைச்சராகிப் புதிய யாப்பை ஆக்கும் பொறுப்பை ஏற்றவர் அதே கொல்வின்தான்.

அரசியல் நிர்ணய சபை 1970 ஜூலை 19ஆந் திகதி கொழும்பு நவரங்ககலவிற் கூடியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அடிப்படைத் தீர்மானங்கள் விவாதத்துக்கு வந்தன. அவற்றுள் இரண்டாவது, இலங்கை ஓர் ஒற்றையாட்சி அரசு என்பது. சுதந்திர இலங்கையின் யாப்பு வரலாற்றில் அந்தச் சொல் நுழைந்த வாயில் இதுவே. அன்று நீதி அமைச்சின் செயலாளராக இருந்த நிகால் ஜயவிக்கிரம பின்னாளில் எழுதிய நினைவுக் கட்டுரையில், ஆரம்ப வரைவில் அச்சொல் இருக்கவில்லை என்றும், பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்காவின் வற்புறுத்தலினாலேயே அது இடம்பெற்றது என்றும் கூறியிருக்கின்றார். அப்படியாயின், அதனைக் கொண்டுவந்தவர் கொல்வின் அல்லர்; ஆனால் தடுத்தவரும் அல்லர்.

தமிழரசுக் கட்சியின் சார்பில் உடுவில் உறுப்பினர் வி. தர்மலிங்கம் அத்தீர்மானத்துக்கு ஒரு திருத்தத்தைப் பிரேரித்தார். 'ஒற்றையாட்சி' என்ற சொல்லை நீக்கிச் 'சமஷ்டி' என்ற சொல்லை இடுக என்பதே அது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல். விவாதத்தில் அதற்கு மறுமொழி கூறியவர்களுள் கம்யூனிஸ்ட் கட்சியின் சரத் முத்தெட்டுவேகமவும் ஒருவர். சமஷ்டி என்பது தென்னிலங்கையில் ஒரு கெட்ட வார்த்தையாகிவிட்டது என்ற கருத்தை அவர் வெளியிட்டார். இதனை இகழ்ச்சியாக நாம் கூறவில்லை. அவர் நேர்மையான மனிதர், இன்றும் மதிக்கப்படுபவர். அவர் சொன்னதும் உண்மை. எனினும் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். ஒரு சொல் வெகுஜனங்களிடையே கெட்டுப்போயிற்று என்றால், அதனைக் கெடுத்தவர் யார், அதனால் இலாபம் அடைந்தவர் யார் என்று கேட்பதே மார்க்ஸீயவாதியின் தொழில். கெட்டுப்போயிற்று, ஆகவே விட்டுவிடுக என்பது தேர்தல் கணக்காளனின் தொழில். தர்மலிங்கத்தின் திருத்தம் தோற்கடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் தமிழரசுக் கட்சி சபையிலிருந்து வெளியேறிற்று. 1972 மே 22ஆந் திகதி குடியரசு பிரகடனமாயிற்று.

அந்த யாப்பின் மொழி ஏற்பாடுகளையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். சட்டங்கள் சிங்களத்தில் ஆக்கப்படும்; தமிழில் அவற்றுக்கு மொழிபெயர்ப்பு இருக்கும். ஆக்குதல் ஒரு மொழிக்கு, பெயர்த்தல் மற்றொரு மொழிக்கு. அன்றிலிருந்து 'ஏக்கிய' என்பது மூலம், 'ஒற்றையாட்சி' என்பது அதன் நிழல் என்றாயிற்று. 1978ஆம் ஆண்டின் யாப்பு இதனைச் சற்று மாற்றி இரு தேசிய மொழிகளிலும் சட்டங்கள் ஆக்கப்படும் என்றது. ஆயினும் முரண்பாடு எழுந்தால் அரசகரும மொழியின் உரையே மேலோங்கும் என்றும் கூடவே சொல்லிவைத்தது. 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி என்றது. 1988இன் பதினாறாந் திருத்தத்தின் பின், எந்த உரை மேலோங்கும் என்பதை ஒவ்வொரு சட்டத்தையும் ஆக்கும்போது நாடாளுமன்றமே தீர்மானிக்கலாம் என்று வந்தது. வந்து என்ன? நமது சட்டப் பிரசுரங்களின் கடைசிப் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏற்படுமிடத்துச் சிங்கள உரையே மேலோங்கும் என்ற வாசகம் ஆண்டுதோறும் சலிப்பின்றி அச்சாகி வருகின்றது.

மாகாண சபைகளை உண்டாக்கிய அந்தப் பதின்மூன்றாந் திருத்தமும் இதே சொல்லிற்கு முன்னாலே நிறுத்தப்பட்டது. மாகாண சபைகள் ஒற்றையாட்சிக்கு முரணா என்ற வினாவை உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர் ஆராய்ந்தனர். ஒன்பது பேரும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஒரு சொல்லின் பொருளைச் சட்டம் கற்ற ஒன்பது பெரியோர் ஒருமித்துச் சொல்லமுடியாத நாட்டில், அச்சொல்லைச் சுவரொட்டியில் எழுதி ஊரெங்கும் ஒட்டிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. 1995இல் சந்திரிகா அரசாங்கம் 'பிராந்தியங்களின் ஒன்றியம்' என்ற புதுத் தொடருடன் வந்தது. ஒற்றையாட்சியும் இல்லை, சமஷ்டியும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம். அத்தொடரை வார்த்தவர்களுள் ஒருவரான நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29இல் விடுதலைப் புலிகளின் குண்டுக்கு இரையானார். 2000 ஓகஸ்டில், பெரிதும் தளர்த்தப்பட்ட வடிவத்தில் அம்மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எதிர்க்கட்சியினர் அதன் பிரதிகளைச் சபையினுள்ளேயே கொளுத்தினர். ஒருவர் சொல்லை எழுதியவரைக் கொன்றார். மற்றையவர் எழுதிய தாளை எரித்தார்.

உலகின் பிற பகுதிகளிலும் இத்தகைய சொற்போர்கள் நடந்துள்ளன. 1978இல், நமது இரண்டாவது குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்த அதே ஆண்டில், ஸ்பானிய தேசமும் ஒரு யாப்பை ஆக்கிக்கொண்டது. சர்வாதிகாரி பிராங்கோ இறந்து மூன்றாண்டுகளே சென்றிருந்தன. வரைவை எழுதிய எழுவருள் கத்தலோனியக் கம்யூனிஸ்ட் ஜோர்டி சொலே தூராவும் இருந்தார். பிராங்கோவின் பழைய அமைச்சர் மனுவெல் பிராகாவும் இருந்தார். இவ்விருவரும் ஒரே மேசையில் இருந்து எழுதிய இரண்டாம் உறுப்புரையைப் பாருங்கள். ஸ்பானியத் தேசத்தின் கலைக்கமுடியாத ஒருமைப்பாட்டை ஒரு மூச்சிற் சொல்லிவிட்டு, அதே வாக்கியத்தில் 'நசியொனலிதாதெஸ்' என்பனவற்றுக்கும் பிராந்தியங்களுக்கும் தன்னாட்சி உரிமை உண்டு என்கின்றது. அந்தச் சொல்லை ஆங்கிலத்திற் பெயர்ப்போர் குடியுரிமையைக் குறிக்கும் சொல்லைப் போட்டுவிட்டுத் திண்டாடுவர். தமிழில் நமக்கு அத்திண்டாட்டம் இல்லை. 'தேசிய இனங்கள்' என்ற தொடரை இடதுசாரி எழுத்துக்கள் எமக்கு முன்பே தேடித் தந்துவிட்டன. 1985இல் திம்புவில் தமிழர் தரப்பு முன்வைத்த கோட்பாடுகளின் முதல் வரியும் அதனைச் சுற்றியே அமைந்தது. தேசம் என்று சொல்லாமல், வெறும் பிராந்தியம் என்றும் சொல்லாமல், இடைப்பட்ட ஒரு சொல்லைக் கண்டெடுத்து ஸ்பானியர் நாற்பதாண்டுகள் ஒருவாறு வாழ்ந்தனர். அதுவும் தீர்வு ஆகிவிடவில்லை. 2010இல் அவர்களது அரசியலமைப்பு நீதிமன்றம், கத்தலோனியச் சட்டத்தின் முகவுரையில் உள்ள 'தேசம்' என்ற சொல்லுக்குச் சட்டவலு இல்லை என்றது. 2017 ஒக்டோபர் 1ஆந் திகதி, நமது இடைக்கால அறிக்கை வெளிவந்து பத்து நாள் கழித்து, கத்தலோனியாவில் வாக்குப்பெட்டிகளைப் பொலிசார் பறித்த காட்சியை உலகம் கண்டது.

ஸ்பானிய யாப்பின் பத்தாந் தலைப்பு இன்னொரு பாடத்தைத் தருகின்றது. யாப்பை மாற்றும் முறையைக் கூறும் அப்பகுதியின் பெயர் 'ரெபோர்மா'. ஆங்கிலத்திலே இதையொத்த ஓசையுடைய சொல் சீர்திருத்தத்தைக் குறிப்பது. ஓசையை நம்பிப் பெயர்ப்பவன் அங்கேயே விழுந்துவிடுவான். சட்டத்தில் ஸ்பானியர் அச்சொல்லால் குறிப்பது யாப்புத் திருத்தத்தையே. மசோதா ஒன்றில் நாடாளுமன்ற உறுப்பினர் பிரேரிக்கும் திருத்தத்துக்கு அவர்களிடம் 'என்மியெந்தா' என்ற வேறு சொல் உண்டு. யாப்பை முற்றாக மாற்றுவதற்கு 'ரெவிசியோன்' என்பது மூன்றாவது சொல். இம்மூன்றுக்கும் நடைமுறையும் வேறு. சாதாரணத் திருத்தத்துக்கு இரு சபைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு போதும். முற்றான மாற்றத்துக்கோ மூன்றில் இரண்டு பங்கு, பின்னர் சபைகளைக் கலைத்துத் தேர்தல், புதிய சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதன் மேல் மக்கள் வாக்கு என்று படிமேற் படி வைத்துள்ளனர்.

தமிழில் நாம் 'சீர்திருத்தம்' என்பதில் 'சீர்' என்னும் அடையைச் சேர்த்துவிட்டோம். சீர் என்றால் செம்மை, அழகு, ஒழுங்கு. எனவே 'அரசியலமைப்புச் சீர்திருத்தம்' என்று ஓர் அரசாங்கம் அறிவித்தவுடனே, அது நன்மைக்கே என்ற எண்ணம் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகின்றது. திருத்தம் என்பதும் பிழையை நீக்குதல் என்ற பொருளுடையதே. நமது யாப்பிலே திருத்தம் என்ற பெயரால் நடந்தவற்றுட் சில பிழையைத் திருத்தினவா, பிழையைப் புகுத்தினவா என்பதை ஆறாந் திருத்தத்தினாற் பதவியிழந்த தமிழ் உறுப்பினர்களைக் கேட்டாற் சொல்லியிருப்பார்கள். 'மக்கள் தீர்ப்பு' என்பதும் அவ்வாறே. தமிழகத்தார் இதனைப் பொதுவாக்கெடுப்பு என்பர்; அது செயலை மட்டும் சொல்லும் அடக்கமான சொல். நாமோ தீர்ப்பு என்கின்றோம். இலங்கை முழுவதற்குமாக நடந்த ஒரே மக்கள் தீர்ப்பு 1982 டிசம்பர் 22இல், விளக்கும் குடமும் சின்னங்களாக, தேர்தலையே தள்ளிவைப்பதற்காக நடந்தது. தீர்ப்பளிக்கும் உரிமையைத் தள்ளிவைப்பதற்கு ஒரு தீர்ப்பு!

சட்டத் தமிழின் இன்னொரு குறையையும் சொல்லியாகவேண்டும். இறைமை மக்களுக்குரியது, அது 'பாராதீனப்படுத்த' முடியாதது என்று நமது யாப்பின் மூன்றாம் உறுப்புரை கூறுகின்றது. எவ்வளவு மகத்தான கருத்து! ஆனால் 'பாராதீனம்' என்றால் என்னவென்று பத்தாந் தர மாணவருட் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்? பிறருக்குக் கைமாற்றிக் கொடுக்கமுடியாத உரிமை என்றிருந்தால், காணி உறுதியை வாசிக்கத் தெரிந்த எந்தக் கமக்காரனுக்கும் விளங்கியிருக்கும். தன் இறைமை தன்னைவிட்டுப் போகாது என்பதை அறிவதற்கு அகராதி தேடவேண்டிய குடிமகன், அது போகும்போது எவ்வாறு அறிவான்?

இங்கு மன்னார்ப் பெருநிலப்பரப்பிலே, கட்டுக்கரைக் குளத்து நீரால் வாழும் ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் குடியியல் பாடத்தை விளக்கிய ஒரு வேளையில், 'பிரிக்கப்படாத, பிரிக்கமுடியாத' என்ற வரைவிலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதினோம். ஒரு மாணவன் எழுந்து, "சேர், எங்கட அப்பப்பாட வயல் இன்னும் பிரிபடேல்ல. ஆனா ஆருக்கு எந்தத் துண்டு எண்டு எல்லாருக்கும் தெரியும். ஒருத்தற்ற துண்டில மற்றவர் கை வைக்கமாட்டினம்" என்றான். வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் சொன்னதில் யாப்பறிஞர் பலர் எழுதிய நூல்களைவிடத் தெளிவு இருந்தது என்றே எமக்குப் பட்டது. பிரிபடாத காணி என்பதற்கு ஒரே உரிமையாளன் என்று பொருள் இல்லை. அங்கே பங்குகள் உண்டு, பங்காளர் உண்டு, எவனும் மற்றவன் பங்கை விழுங்கமுடியாது. காணி பிரியாமலிருப்பதற்கு அந்த ஏற்பாடே காரணம். பங்கு மறுக்கப்படும் நாளில்தான் வழக்கும் வேலியும் வருகின்றன.

வேலி வந்த கதையையும் எங்கள் ஊர் அறியும். 2002இன் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் உயிலங்குளம் ஒரு போக்குவரத்து வாயிலாக இருந்தது. ஒரு பக்கத்தில் அரச படையினரின் சாவடி. கடந்தால் விடுதலைப் புலிகளின் சாவடி. ஒற்றையாட்சி என்று யாப்பில் எழுதப்பட்டிருந்த அதே நாட்டில், வயலுக்கும் கோவிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் செல்லும் மக்கள் ஒரு பயணத்தில் இருமுறை பொதியை அவிழ்த்துக் காட்டினர். யாப்பின் சொல்லுக்கும் வீதியின் உண்மைக்கும் இடையிலிருந்த தூரம் நடந்து கடக்கக்கூடிய தூரமே.

மன்னாரில் இருந்துகொண்டு மற்றொன்றையும் மறைத்தல் தகாது. தமிழரசுக் கட்சியார் தம் ஆரம்ப காலத்தில் 'தமிழ் பேசும் மக்கள்' என்ற தொடரைக் கவனமாக வழங்கினர். முஸ்லிம் மக்களையும் மலையக மக்களையும் அணைத்துக்கொள்ளும் தொடர் அது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். மன்னார்த் தீவின் கரையிலிருந்து அம்மக்கள் படகேறிச் சென்ற நாளில் அத்தொடரும் அவர்களோடு போய்விட்டது. சமஷ்டி கேட்கும் நாம், நமது அலகுக்குள்ளே எவருக்கு எந்தப் பங்கு என்பதற்கு அந்தப் பிள்ளையின் வயலளவு தெளிவான விடையை வைத்திருக்கின்றோமா என்பது இன்னும் கேட்கப்படவேண்டிய கேள்வி.

மீண்டும் சாய்கோட்டுக்கு வருவோம். அறிக்கை வெளிவந்ததும் இரு திசைகளிலிருந்தும் ஒரே கூச்சல் எழுந்தது. 'ஒருமித்த நாடு' என்பது ஐக்கிய நாடு என்றே பொருள்படும், ஆகவே இது சமஷ்டியைக் கள்ளத்தனமாகக் கொணரும் வழி என்றனர் தெற்கின் தேசியவாதிகள். 'ஏக்கிய இராச்சிய' என்பது 1972இலிருந்து ஒற்றையாட்சிக்கு வழங்கிவரும் சொல்லே, ஆகவே ஒருமித்த நாடு என்பது தமிழரை ஏமாற்றும் முலாம் என்றனர் கஜேந்திரகுமார் பொன்னம்பலமும் அவரைச் சேர்ந்தோரும். பெயரைப் பாராதீர், உள்ளே பகிரப்படும் அதிகாரத்தைப் பாருங்கள் என்றார் எம். ஏ. சுமந்திரன். மொழி நிலையில் நோக்கினால் முதலிரு சாராரும் சரியே, அதுதான் வேடிக்கை. 'ஏக்கிய' என்பது 'ஏக' என்னும் அடியிற் பிறந்து ஒன்றே என்பதைச் சொல்கின்றது. ஒன்றாகிய நிலையை அது முன்னரே முடிந்த காரியமாகக் கொள்கின்றது. 'ஒருமித்த' என்பதோ 'ஒருமி' என்னும் வினையடியாகப் பிறந்த பெயரெச்சம். பலர் மனம் இசைந்து ஒன்றுபட்டமையை அது சொல்கின்றது. ஒருமிப்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்டோர் வேண்டும். பெயர்ச்சொல்லையும் விட்டுவிடக்கூடாது. 'இராச்சிய' சட்டத்துக்குரிய சொல். 'நாடு' ஊரார் சொல். நாடு என்பது மண்ணும் மக்களும். அதற்குச் சட்ட வரம்பு இல்லை. அடையிலும் பெயரிலும் ஒருங்கே வேறுபடும் இரு தொடர்களை நிகர் என்று கூறி நடுவே ஒரு கோட்டைக் கீறிவிட்டால், அவை நிகராகிவிடுமா?

வரைவிலக்கணத்தையே பார்க்கவேண்டும், பெயர் எதுவாயினும் ஆகுக என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்திய யாப்பு தன்னைச் சமஷ்டி என்று எங்கும் அழைக்கவில்லை. மாநிலங்களின் ஒன்றியம் என்றே அழைக்கின்றது. அம்பேத்கர் 1948 நவம்பரில் அதற்குக் காரணமும் கூறினார்: மாநிலங்கள் உடன்படிக்கை செய்து சேர்ந்தவையல்ல, ஆகவே விலகும் உரிமையும் அவற்றுக்கு இல்லை. மத்தியின் பிடியைக் காக்கத் தேர்ந்த அதே சொல்லை, 2021இல் தமிழக அரசு 'மத்திய அரசு' என்பதை விடுத்து 'ஒன்றிய அரசு' என்று வழங்கத் தொடங்கியபோது, மாநிலங்களின் தன்மானத்துக்கான சொல்லாக மாற்றிக்கொண்டது. யாப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எனவே வரைவிலக்கணம் சொல்லைக் கட்டுப்படுத்தும் என்று மட்டும் நம்பியிருத்தல் பேதைமை. சொல்லும் வரைவிலக்கணத்தை இழுத்துச் செல்லும்.

அந்த முயற்சி பின்னர் நெடுந்தூரம் செல்லவில்லை. 2018 ஒக்டோபரில் ஆட்சிக் குழப்பம் வந்தது. 2019 ஜனவரியில் நிபுணர் குழுவின் வரைவு சபையில் வைக்கப்பட்டது. அதன் மேல் விவாதம் முற்றுப்பெறவில்லை. 2024இல் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தி, 2015இல் தொடங்கிய அப்பணியை நிறைவேற்றுவதாகத் தன் தேர்தல் விஞ்ஞாபனத்தில் உறுதியளித்தது. என்றாவது அப்பணி மீளத் தொடங்கும்போது, ஆசிரியரும் மாணவரும் முதலில் வாசிக்க வேண்டியது முதலாம் உறுப்புரையையோ இரண்டாம் உறுப்புரையையோ அன்று. எந்த உரை மேலோங்கும் என்று கூறும் உறுப்புரை எங்கோ நடுவில் இருக்கும். அங்கே சிங்கள உரை என்று எழுதியிருப்பின், சாய்கோட்டின் வலப்பக்கத்தில் உள்ள இரு தமிழ்ச் சொற்களும் எவ்வளவு இனிமையாக ஒலிப்பினும், கொழும்பு உயர் நீதிமன்றத்தில் அவற்றை எடுத்து வாசிப்பதற்கு வழக்கறிஞர் எவரும் எழமாட்டார்.